உப்புச் சோதனை

திரியெஸ்தே துறைமுகம், ஏழாம் எண் கிடங்கு.
வெளியே போரா காற்று.
ஆளைத் தள்ளிவிடும் என்று தெருமுனையில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
உள்ளே நான், ஒரு டார்ச், ஒரு பேனாக்கத்தி,
சில்வர் நைட்ரேட் நிரப்பிய பழுப்புக் குப்பி.

ஜிபூத்தியில் சீல் வைத்த கன்டெய்னர்
இருபத்தாறு நாள் கழித்து வாய் திறக்கிறது.
காபி மணக்கவில்லை.
காயாத சாக்கின் முடைநாற்றம்.
முன்னூற்று இருபது மூட்டைகளில்
கூரையை ஒட்டிய வரிசை மட்டும் கறுத்திருக்கிறது.

சரக்கும் வியர்க்கும்.
சொன்னால் சிரிப்பார்கள்.
வெயிலில் காய்ந்த கொட்டை
ஊர்ச் சூட்டை வயிற்றில் வைத்துக்கொண்டே
வடக்கே வருகிறது.
மூச்சு மேலே போய், குளிர்ந்த இரும்பில் முட்டி,
நீராகித் தன் தலையிலேயே சொட்டுகிறது.
கடல் புகுந்து நனைத்தால் பாலிசி பணம் தரும்.
தானே வியர்த்து நனைந்தால்
அது பிறவிக் குறை.
பிறவிக் குறைக்கு நாங்கள் தருவதில்லை.

நாங்கள் என்று எழுதிவிட்டேன்.
எனக்கு உப்பிடுவது காப்பீட்டு நிறுவனம்தான்.

சரக்குக்காரி ஒன்தினா ஃபெர்லூகா
வாசலருகே நிற்கிறாள்.
இரண்டு அடுப்பு வைத்துக் காபி வறுப்பவள்,
அடகு வைக்க இனி அந்த அடுப்புகள்தான் மிச்சம்.
ஒன்றும் கேட்கவில்லை.
என் கையிலிருந்த குப்பியை மட்டும்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறையின்மேல் ஒரு சொட்டு.
உப்பு இருந்தால் பால்போல் வெளுக்கும்.
முதல் மூட்டை, வெளுக்கவில்லை.
நான்காவது, ஒன்பதாவது, இல்லை.
பதினேழாவதில் சட்டென்று
வெள்ளை.

"கடலா?" என்றாள் ஒன்தினா.
அன்று அவள் பேசிய முதல் சொல்.

கறையைப் பார்த்தேன்.
பிடரியின் அகலம், ஒரு தோளின் வளைவு.
பிப்ரவரிக் குளிரில் பனியனோடு நின்றிருந்தார்
சுமைதூக்கும் வுகாஷின்.
அறுபது கிலோ, அறுபது கிலோவாக
காலையிலிருந்து இறக்கியவர்.
தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு
"நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?" என்றார்.

அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டம்:
கடல்நீர். வியர்வை.
யாருடைய வியர்வை என்று
அதில் கேட்பதில்லை.
உப்பு உப்புதான் என்று
ஒரு கணம் கை போனது.
பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை,
வெள்ளையைப் படம் எடுத்து ஒட்டினால் போதும்.

எடுக்கவில்லை.
எல்லா மூட்டையும் இறங்கியதும்
கிடங்கின் விளக்கு அத்தனையும் போடச் சொல்லி
கன்டெய்னருக்குள் நுழைந்து
கதவை வெளியிலிருந்து சாத்தச் சொன்னேன்.
ஓட்டை இருந்தால் வெளிச்சம் உள்ளே வரும்,
வழக்கமான சோதனை இது.
எத்தனையோ பெட்டிகளில் இப்படி நின்றிருக்கிறேன்,
இருட்டாகவே இருக்கட்டும் என்று.
இருட்டு என்றால்
நிறுவனத்துக்கு மிச்சம்.

அன்று தேடினேன்.
மூலைமூலையாய், தகட்டின் ஒவ்வொரு மடிப்பாய்
கழுத்து வலிக்கத் தேடினேன்.
ஊசி குத்திய அளவு ஒரு துளை,
துருப்பிடித்த ஒரு ஆணியிடுக்கு,
பழைய நங்கூரக்காரன் எவனோ
தட்டி நெளித்த ஒரு விளிம்பு.
கண் பழகப் பழக
இருட்டு இன்னும் கட்டியானது.
அவ்வளவு நல்ல பெட்டியை
நான் பார்த்ததே இல்லை.

கூரையிலிருந்து என் நெற்றியில்
ஒரு சொட்டு விழுந்தது.
வழிந்து உதட்டுக்கு வரும்வரை நின்றேன்.
நாக்கால் தொட்டேன்.
சப்பென்றிருந்தது.

இரண்டு தடவை தட்டியும் கதவு திறக்கவில்லை.
காற்றின் சத்தத்தில் கேட்டிருக்காது.
மூன்றாவதில் தாழை நீக்கியது
வுகாஷின் அல்ல, ஒன்தினா.
என் முகத்தைப் பார்த்தாள்.
திரும்பிப் போய்
கடைசியாய் இறக்கிய நல்ல மூட்டைகளை
விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள்.